நீ எழுதிய ‘ஆகவே’

பாப்பாவுக்கு,

ஆராய்ச்சி இதழில் உன் பெயர் முழுசாக, பட்டத்தோடு அச்சாகியிருக்கும்போது இன்னமும் பாப்பா என்று எழுதுவது சரியில்லைதான். ஆனால் வேறு எப்படி ஆரம்பித்தாலும் பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுவதுபோல வருகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு வாக்கியம் பேசி முடித்து, “சரிப்பா, வைக்கட்டுமா” என்றும் கேட்டுவிடுகிறாய். அது உன் அம்மா வீட்டு வேகம். எனக்கோ ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் கொஞ்சநேரம் ஜன்னலைப் பார்க்க வேண்டும். அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, உன் கட்டுரையை இன்னொரு தடவை படிக்கலாமென்று முன்னறை சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நம் டவுன்ஷிப் பிளாக்கில் மழை பெய்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தெருவும் மரமும் எதிர் குவார்ட்டர்ஸும் ஒரே சாம்பல் நிறமாகி, அனல்மின் நிலையப் புகை எது, மேகம் எது என்று பிரிக்க முடியாமல் போய்விடும். அப்படியே கண் அசந்துவிட்டேன். கனவில் உன் அம்மாவின் ஊர் வந்தது. ஊர் தரையில் இல்லை. அந்தத் தரையைத்தான் நிலக்கரிச் சுரங்கத்துக்காக எப்போதோ வெட்டி எடுத்தாகிவிட்டதே. ஊர் இருந்த இடத்தில் இப்போது இருப்பது காற்று மட்டும்தான். அந்தக் காற்றிலேயே ஊர் நின்றது. வீடுகள், களத்துமேடு, அம்மன் கோயில் எல்லாம் பழைய உயரத்திலேயே இருந்தன. வெகு ஆழத்தில் இயந்திரங்கள் சத்தமில்லாமல் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தன. ஜனங்கள் ஒன்றுமே நடக்காததுபோல அந்த வெற்றுவெளியில் நடமாடினார்கள். நடுவில் ஒருவர் நிலம் அளக்கிற சங்கிலியின் ஒரு முனையை நீட்டிப் பிடித்தபடி நின்றார். யாரும் வாங்கவில்லை. நான் வாங்கலாமென்று போனேன், கால் நகரவில்லை. விழித்துப் பார்த்தால் உன் கட்டுரை என் மார்பில் விரித்தபடி கிடக்கிறது, அந்தப் பக்கமே திறந்திருக்கிறது.

அந்தப் பக்கம் எனக்கு இப்போது மனப்பாடம். “அளவைக்கு எவரும் உதவுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்திருந்த நிலையில், நிலமற்ற குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சங்கிலியைப் பிடிக்க முன்வந்தார். பிற்காலத்தில் அவர் சுரங்கத்தில் நிரந்தரப் பணியும் பெற்றார். ஆகவே, ஊரின் ஒற்றுமை வெளியிலிருந்து அல்ல, உள்ளேயிருந்த தனிமனித நலனாலேயே உடைந்தது எனலாம்.” பெயர் போடாமல் நாகரிகமாக எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த ஊரிலிருந்து எழுந்து வந்தவர்களுக்குப் பெயர் எதற்கு? ‘செயின் புடிச்சவரு’ என்றால், அவர்களுக்கு மாற்று இடம் கொடுத்த காலனியில் இன்றைக்கும் ஒரே ஆள்தான். உன் அம்மாவின் தம்பி. உன் தாய்மாமன்.

உன் கட்டுரையை யாரோ நகல் எடுத்துக்கொண்டு போய் காலனி டீக்கடையில் வாய்விட்டுப் படித்திருக்கிறார்கள். மாமா அங்கே கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தாராம். முழுக்கக் கேட்டார், கிளாஸை வைத்தார், எழுந்து போனார். எழுதியது நீ என்று, அவர் எழுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் படித்தவர் சொன்னாராம். அதற்கப்புறம் அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறு தவறாமல் சைக்கிளில் முருங்கைக்காயோ பலாப்பழமோ கட்டிக்கொண்டு வருகிற மனிதர். கல்யாணச் சேலை எடுக்கக் கூப்பிட்டோம், வரவில்லை. பந்தக்கால் நடுகிற நாளைக் கேட்டு ஆள் விட்டோம், உடம்பு சரியில்லை என்று பதில் வந்தது. தை மாதம் உனக்குக் கல்யாணம். மணமேடைக்கு உன் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டியவர் அவர். அந்த இடத்தில் வேறு யாரை நிறுத்துவது என்று உன் அம்மாவைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் அடுப்படியிலிருந்து ஒரே ஒரு தடவை சொன்னாள். “ஒங்க பொண்ணு வரலாறு எழுதி எந்த ராஜாவைக் கவுத்தாளோ தெரியல, எந்தம்பி நம்ம வூட்டு வாசப்படி மிதிக்காம பண்ணிட்டா.” அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உன் அம்மா ஒரு பேச்சை எடுக்காமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த வாக்கியத்தை அழித்துவிடு என்று கேட்க இந்தக் கடிதம் இல்லை. நான் சரித்திர வாத்தியார். எனக்கு அந்த வெட்கம் உண்டு. சங்கிலி பிடித்தது நிஜம். வேலை கிடைத்ததும் நிஜம். இரண்டையும் நீ விசாரித்துத்தான் எழுதியிருக்கிறாய். என் கண் போய் நின்ற இடம் அந்த ‘ஆகவே’. அதை நீ எங்கேயிருந்து எடுத்தாய்? எந்த ஆவணத்திலும் அது இருக்காது. எந்த மனிதரும் பேட்டியில் அதைச் சொல்லியிருக்க மாட்டார். நம் பக்கத்து ஜனங்களின் வாயில் ‘ஆகவே’ என்ற சொல்லே வராது. அவர்கள் சொல்வதெல்லாம் ‘அப்பறம்’. சங்கிலி பிடித்தார், அப்பறம் ஊர் காலியானது, அப்பறம் வேலை கிடைத்தது. ஒன்றுக்குப் பின் ஒன்று. ஒன்றால் ஒன்று என்று ஆக்குகிற பசை நம்முடையது. மனிதன் எப்படிப்பட்டவன் என்று நாம் முன்பே எதையோ நம்பி வைத்திருக்கிறோம், அந்த இடத்தில் அதைத் தடவுகிறோம்.

உன் மேல் மட்டும் பழி போடவில்லை. நான் முப்பது வருடமாக அந்தப் பசையை விற்றவன். “காரணங்களைக் கூறுக” என்று கேள்வி வந்தால் முதல் வரியில் ‘பேராசை’ என்று எழுது, ஒரு மதிப்பெண் நிச்சயம் என்று நம் டவுன்ஷிப் பிள்ளைகளுக்குள் ஒரு ரகசியமே உண்டு. எந்தப் போர், எந்த நாடு என்று பார்க்க வேண்டாம், பேராசை எங்கும் பொருந்தும். நானும் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒருதரம் ஒன்பதாம் வகுப்பில், ஒரு பேரரசு ஏன் வீழ்ந்தது என்ற கேள்விக்கு ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: “அவருக்கு ரிலீவர் வரவில்லை.” சுரங்கத்தில் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து மாற்றிவிடாமல் இயந்திரத்தை விட்டு இறங்கக் கூடாது. அந்த ஆள்தான் ரிலீவர். வராவிட்டால் வரும்வரை நிற்க வேண்டியதுதான். அவள் அப்பா எத்தனையோ நாள் அப்படி நின்றுவிட்டு, சாப்பாட்டில் கை வைத்தபடியே தூங்குவதைப் பார்த்திருப்பாள் போல. கிழட்டுச் சக்கரவர்த்தி அரண்மனை வாசலைப் பார்த்துக்கொண்டு, மாற்றிவிட ஆள் வருகிறதா என்று காத்திருப்பதை அவள் மனக்கண்ணில் கண்டிருக்கிறாள். மதிப்பெண் போடவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தோம். ஆனால் பாப்பா, பேராசையைவிட அந்தப் பதில் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நடத்திய போர்களுக்கெல்லாம் காரணம் அவமானம்தான். யாரோ யாரையோ சபையில் மதிக்காமல் விட்டதால் யானைப்படை கிளம்பும். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, பக்கத்தில் ஒருவர் இருமினால்கூட என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். நீ பிறந்த பிறகு அரசர்கள் எல்லோரும் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். ஐம்பதைத் தாண்டி சர்க்கரை வந்ததும், போருக்குப் பின் மனம் திருந்திய அரசனைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, பாவம், முழங்கால் வலித்திருக்கும் என்று மனசுக்குள் ஓடியது. புத்தகம் மாறவில்லை. சம்பவங்கள் அப்படியேதான் இருந்தன. நடுவில் நின்று சொன்னவனுக்கு வயசாகிக்கொண்டே வந்தது. நீ இதை வகுப்பறையில் பெரிய பெரிய பெயர்களோடு படித்திருப்பாய். நான் என் முழங்காலால் படித்தேன்.

காலனியில் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒரு மலர் போட்டார்களே, உனக்கும் ஒன்று அனுப்பினேன். அதிலும் ஊரின் வரலாறு இருக்கிறது. “கள்ளம் கபடம் அறியாத நம் முன்னோர், நாடு ஒளிபெற மனமுவந்து மண்ணைக் கொடுத்தனர்” என்று இருக்கும். நீ அதைப் படித்துவிட்டுப் போனில் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. வரப்பில் ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காகத் தலைமுறைக்கும் பேசாமல் இருந்தவர்கள் ஒரே நாளில் கபடம் அறியாதவர்களாகிவிட்டார்கள். அந்த மலரில் சங்கிலியே கிடையாது. மனிதர்கள் நல்லவர்கள் என்று முடிவு செய்துவிட்ட வரலாற்றில் உன் மாமாவுக்கு இடமில்லை. உன் வரலாற்றில் இடம் கிடைத்தது, ஆனால் எப்படிப்பட்ட இடம் என்று பார். நிலமில்லாதவன், வேலைக்கு ஆசைப்பட்டான், ஊரைக் கொடுத்தான். உனக்கு நிலமில்லாதவர்கள்மேல் பரிவு இருக்கிறது, ஏழைக்கு அப்படித்தான் தோன்றும் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். ஆனால் சங்கிலி பிடித்த நாளுக்கும் வேலை நிரந்தரமான நாளுக்கும் நடுவில் அவர் முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போன வருடங்கள் இருக்கின்றன. கான்ட்ராக்டில் மண் சுமந்த வருடங்கள் இருக்கின்றன. உன் அம்மா அவருக்காக விரதம் இருந்த வருடங்களும் இருக்கின்றன. நீ அத்தனையையும் ‘பிற்காலத்தில்’ என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டாய். ஆசைதான் காரணம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டால், நடுவில் இருக்கிற வருடங்கள் கண்ணில் படாது.

உன் மாமா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியாது. அவருடைய ஒரு பழக்கம் மட்டும் தெரியும், அது உனக்கும் தெரியும். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவரோடு நடந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். துணிக்கடை நோட்டீஸ், மூலம் பவுத்திரம் நோட்டீஸ், கட்சிப் பொதுக்கூட்டம், ஜெபக்கூட்டம், எது நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். ஒன்றையும் படிக்க மாட்டார். கொஞ்சம் தள்ளிப் போய்க் கீழே போடவும் மாட்டார். மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்ததும் நீ செய்கிற முதல் வேலை அந்தப் பையைக் காலி செய்வது. கப்பல் செய்து வாசல் மழைத் தண்ணீரில் விடுவாய். “மாமா ஏன் எல்லாத்தையும் வாங்குற?” என்று நீ ஒருநாள் கேட்டதற்கு, “கைய நீட்டிட்டாங்களேம்மா” என்றார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது, மனுஷன் கொஞ்சம் அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். கடைசிப் பலாப்பழம் அழுகலென்று தெரிந்தும் விற்கிறவள் முகத்தைப் பார்த்து வாங்கி வந்து, உன் அம்மாவிடம் திட்டு வாங்கியதும் உண்டு. இவையெல்லாம் வரலாற்றில் எழுதுகிற சமாசாரமா என்றுதான் நானும் இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

அந்தக் கனவு கண்ட ஞாயிறு சாயங்காலமே மழை விட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். மாமா வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலி போட்டு, அவர் நின்றுகொண்டே இருந்தார். அக்கா வீட்டுக்காரர் முன்னால் இந்த வயதிலும் உட்கார மாட்டார். அடுத்த வருடம் அவருக்கும் ரிட்டயர்மென்ட். கொஞ்சநேரம் மழையைப் பற்றிப் பேசினோம். நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன். அந்த நாளைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் அவரிடம் கேட்டதே இல்லை. நீயும் உன் கட்டுரைக்காக ஊரெல்லாம் கேட்டாய், மாமாவிடம் மட்டும் கேட்கவில்லை. சொந்தக்காரரிடம் கேட்டால் நடுநிலை போய்விடும் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாய். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அவர் சொன்னதை முடிந்தவரை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். அளக்க வந்தவரோடு வரவேண்டிய ஆள் அன்றைக்குக் காய்ச்சலில் வரவில்லையாம். சங்கிலியை ஒருவரே இரண்டு பக்கமும் பிடிக்க முடியாது. ஊரே களத்துமேட்டில் கூடி நின்று, இனி இவர் என்ன செய்கிறார் பார்க்கலாம் என்று வேடிக்கை பார்த்திருக்கிறது. “யாராச்சும் இந்தப் பக்கம் புடிங்கய்யான்னுட்டு அந்த ஆளு செயின் நுனிய நீட்டிக்கினே நிக்கறாருங்க மாமா. வெயிலு. கைய மாத்தி மாத்திப் புடிக்கறாரு. எல்லாரும் அந்தக் கையயே பாத்துக்கினு நிக்கறாங்க. எனக்குப் பாக்க சங்கடமா இருந்துச்சி. போயி வாங்கிக்கினேன். வாங்கனப்பறந்தான் இன்னா பண்ணிட்டோம்னு தோணுச்சி. அதுக்குள்ள அவரு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிட்டாரு. வுட முடியலைங்க.”

அவரே இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை அசைத்துவிட்டது. “சங்கடத்துல புடிச்சேன்னா யாருங்க நம்புவாங்க? வேலைக்குத்தான் புடிச்சேன்னு நானே சொல்லிக்கினு திரிஞ்சேன் கொஞ்ச நாளு. அப்பிடிச் சொன்னாத்தான் ஆம்பளன்னு இருந்துச்சி.” ஆக, நீ விசாரித்தபோது பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. அவர்கள் அவர் வாயாலேயே கேட்டதைத்தான் உன்னிடம் சொன்னார்கள். சுயநலம் என்றால் ஊருக்குப் புரிகிறது, கோபப்படவாவது முடிகிறது. கூச்சத்தில் ஒரு ஊரின் எதிர்ப்பு உடைந்தது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? தன் வரலாற்றைத் தானே திருத்தி, ஊர் நம்பக்கூடிய மனிதனாக அவர் தன்னை ஆக்கிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதனைத்தான் நீ உன் கட்டுரையில் சந்தித்திருக்கிறாய்.

நீ இப்போது என்ன கேட்பாய் என்று தெரியும். இப்போது சொல்வது மட்டும் நிஜமென்று எப்படி நம்புவது, வயசான காலத்தில் தனக்குச் சாதகமாகச் சொல்லலாமே என்பாய். சொல்லலாம். திரும்பி வரும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கூச்சத்தோடு கூடவே, அளக்க வந்தவருக்கு உதவினால் ஏதாவது நல்லது நடக்கும் என்று ஒரு மூலையில் ஆசையும் இருந்திருக்கலாம். மனுஷனுக்குள் ஒரே சமயத்தில் எத்தனையோ ஓடுகிறது. அவர் சங்கிலியை வாங்காவிட்டாலும் மறுநாள் வேறு ஆளோடு வந்து அளந்திருப்பார்கள் என்பதும் உண்மை. அவர் வாங்கியதால் அன்றோடு ஊரின் வைராக்கியம் போய்விட்டது என்பதும் உண்மை. அவர் சங்கடப்பட்டார் என்பதால் நடந்தது நடக்காததாகிவிடாது. சுரங்கத்தின் விளிம்பு தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். மழை கழுவிய பள்ளத்தில் சிவப்பும் வெள்ளையும் அடியில் கருப்பும் தெரிந்தன. கனவில் ஊர் நின்ற உயரத்தில் ஒரு பருந்து இறக்கை அசைக்காமல் மிதந்துகொண்டிருந்தது. அங்கேதான் எங்கேயோ அவர் அன்றைக்கு நின்றிருப்பார் என்று நினைத்தேன். காற்றில் ஒருவன் கையில் சங்கிலி முனை. அவன் எதற்காகப் பிடித்தான் என்பதற்குத் தரைகூட இப்போது சாட்சி இல்லை. எனக்கு அழுகை வந்தது, பாப்பா. யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய் என்பதால் ஒரு புத்திமதியும் சொல்லிவிடுகிறேன், அப்பா எழுதும் கடிதத்தில் அதுகூட இல்லாவிட்டால் எப்படி. இரண்டு பேர் சேர்ந்து வாழும் வீட்டில் தினமும் வரலாறு எழுதப்படும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும்போது, நான் ஏதோ நினைப்பில் பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். பண்ருட்டி நெருங்கியபோதுதான் உன் அம்மா பஸ்ஸில் இல்லை என்பது தெரிந்தது. இறங்கித் திரும்பி ஓடினேன். அவள் அதே இடத்தில் தேங்காய்ப் பையோடு நின்றாள். ‘தனியாக ஏறினார், ஆகவே என்மேல் பிரியமில்லை’ என்று அவள் ரொம்ப நாள் வைத்திருந்தாள். நானும் எதிர்த்துப் பேசவில்லை. பிற்பாடு நான் ஸ்கூட்டரையும், ஒருநாள் உன்னையுமே நூலக வாசலில் மறந்துவிட்டு வந்த பிறகுதான் அவள் அந்த ஆகவேயைத் திருத்திக்கொண்டாள். இப்போது ‘இந்த ஆளு இப்படித்தான்’ என்று இருக்கிறது. அதுவும் முழு உண்மையில்லை, ஆனால் அதோடு குடித்தனம் நடத்த முடிகிறது. மாப்பிள்ளை ஒருநாள் நேரம் கழித்து வருவார், போன் எடுக்க மாட்டார். இரண்டும் நிஜமாக இருக்கும். நடுவில் எந்தச் சொல்லைப் போடுகிறாய் என்று பார்த்துப் போடு.

அன்றைக்கு மாமா வீட்டிலிருந்து கிளம்பும்போது கல்யாணத்துக்கு வரச் சொல்லிக் கேட்டேன். சைக்கிள் பெடலைச் சுற்றிக்கொண்டே சொன்னார். “பாப்பா எழுதனது தப்புன்னு நா சொல்லலைங்க மாமா. அவ எழுதன ஆளு நா இல்ல, அவ்ளோதான். நா மேடையில வந்து நின்னா, இவருதான் அவருன்னு நாலு பேரு பாப்பாங்க. பாப்பாவுக்குத்தான சங்கடம்.” கோபத்தில் வராமலிருக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உன் அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் பிடித்து, களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

மே மாதத்தோடு எனக்கும் வேலை முடிகிறது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இந்தச் சுவரில் உன் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்ததைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். அடுத்து வருகிறவர்களுக்கு நாம் யாரென்றே தெரியாது. மின்விசிறி கொக்கியைப் பார்த்து, பின்கட்டு மருதாணிச் செடியைப் பார்த்து, இங்கே இப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள் என்று ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். கொஞ்சம் அன்பாக நினைக்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது. அவ்வளவுதான் நம்மால் கேட்க முடியும். மாமாவுக்காகவும் நான் உன்னிடம் கேட்பது அவ்வளவுதான்.

கட்டுரையை என்ன செய்வது என்பது உன் விஷயம். புத்தகமாகும்போது அந்த ஆகவே இருந்தாலும் இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் உன் முடிவு சரிதானா என்று ஒருதரம் பார்த்துவிடு. கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை வா. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை வைத்து அம்மா எடுத்துத் தருவாள். நாங்கள் கூட வரவில்லை, தெருமுனையிலேயே நின்றுகொள்கிறோம். நீ மட்டும் மாமா வீட்டுக்குப் போ. மன்னிப்புக் கேட்க வேண்டாம், கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டாம். அவருக்கு அது இன்னும் சங்கடம். இரண்டு கையாலும் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு அவர் வாசலில் நில். உடனே வாங்காவிட்டால் கையை இறக்காமல் நில். உன்னிடமிருந்து அவருக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை, அது உனக்கே தெரியும். நீ எழுதியிருக்கிற ஆளாக அவர் இருந்தால் உள்ளே போய்விடுவார். அப்படிப் போய்விட்டால் உன் வாக்கியம் அப்படியே இருக்கட்டும், நான் இனி வாயைத் திறக்க மாட்டேன்.

நான் பார்த்த ஆளாக இருந்தால், பாப்பா, உன் கை வலிக்க அவர் விடமாட்டார்.

சனிக்கிழமை பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் வந்து நிற்கிறேன், உன்னை மறக்காமல் கூட்டி வருகிறேன். நீ இறங்கி வரும் வழியில் யாராவது நோட்டீஸ் நீட்டினால் ஒன்று வாங்கி மடித்து வைத்துக்கொள்.

அப்பா